ஈட்டி வாடகைக்கு

இத்தாலியில் கார்ட்டோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் மாண்டெக்கியோ என்று ஒரு கோட்டை. அறுநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இரண்டு துறவிகள் அந்தக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். கோட்டைக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் சொல்கிற வாழ்த்தையே அவருக்கும் சொன்னார்கள். கடவுள் உமக்குச் சமாதானம் அருளட்டும் என்பதுபோல ஏதோ ஒன்று.

கோட்டைக்காரர் முகம் மாறிவிட்டது. உங்களுக்கு இனிமேல் ஒரு பயல் பிச்சை போடாமல் போகட்டும் என்கிற தினுசில் பதிலுக்கு ஒரு சாபம் விட்டார். துறவிகள் வெலவெலத்துப் போனார்கள். நல்லதைத்தானே சொன்னோம்? அவர் பொறுமையாக விளக்கினார். நீங்கள் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறீர்கள், நான் யுத்தம் செய்து சாப்பிடுகிறேன். சமாதானம் வந்துவிட்டால் என் வீட்டு அடுப்பு எரியாது. என் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று நீங்கள் வேண்டிக்கொண்டால், உங்கள் பிழைப்புக்கு நான் வேறென்ன வேண்டிக்கொள்வது?

அந்தக் காலத்து ஃப்ளாரன்ஸ் எழுத்தாளர் பிராங்கோ சாக்கெட்டி இதைக் கதையாக எழுதி வைத்திருக்கிறார். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால், கோட்டைக்காரர் அசல். பெயர் ஜான் ஹாக்வுட். இங்கிலாந்துக்காரர். இத்தாலியர்கள் வாயில் 'ஹாக்வுட்' நுழையாததால் ஜியோவன்னி அகூத்தோ ஆக்கிவிட்டார்கள். அகூத்தோ என்றால் கூர்மையானவன். பெயர் சிதைந்தும் பொருத்தமாக அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இவரை எதற்கு இப்போது இழுக்கிறேன் என்றால், 'ஃப்ரீலான்ஸர்' என்ற வார்த்தை இவர் ஜாதிக்காரர்களுக்காக உண்டானது. டிசைனர், மொழிபெயர்ப்பாளர், போட்டோகிராபர், என்னைப்போலப் பத்தி எழுதிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிற அந்த வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். ஃப்ரீ, லான்ஸ். சுதந்திர ஈட்டி. 1819-ம் வருஷக் கடைசியில் வெளியான 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட் இந்தச் சொல்லை எடுத்து விடுகிறார். எந்த ராஜாவுக்கும் அடிமைப்படாமல், காசு கொடுக்கிறவருக்குச் சண்டை போடும் கூலிப்படைக்கு அந்தப் பெயர். பிறகு அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தாவி, இன்றைக்கு லேப்டாப் வைத்திருக்கிறவர் வரை வந்துவிட்டது.

வார்த்தை பிறப்பதற்கு நானூறு வருஷம் முன்பே தொழில் அமோகமாக நடந்தது. அதில் நம்பர் ஒன் ஹாக்வுட்தான்.

இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியில், சிபிள் ஹெடிங்ஹாம் என்ற கிராமத்தில், 1320-களின் தொடக்கத்தை ஒட்டிப் பிறந்தவர். அப்பா கில்பர்ட், ஓரளவு நிலபுலன் உள்ளவர். வீட்டில் இரண்டு பையன்களுக்கு ஜான் என்றே பெயர். பெரிய ஜான், சின்ன ஜான். நம்மாள் சின்ன ஜான். சொத்து பெரியவருக்கு. 1340-ல் அப்பா இறந்தபோது சின்னவருக்குக் கொஞ்சம் ரொக்கமும் தானியமும் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? பிரான்ஸோடு இங்கிலாந்து நூற்றாண்டுப் போரை ஆரம்பித்திருந்த சமயம். ராணுவத்தில் ஆள் எடுத்தார்கள். போய்ச் சேர்ந்தார்.

அது ஒரு வகையில் பர்மனென்ட் வேலைதான். ராஜா இருக்கிறார், சண்டை இருக்கிறது, சம்பளம் வருகிறது. 1360-ல் இரண்டு ராஜாக்களும் பிரெட்டினி என்ற இடத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சமாதானம்! ஊரெல்லாம் மணி அடித்திருப்பார்கள். சண்டை தவிர வேறு எதுவும் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அந்நிய மண்ணில் நடுத்தெருவில் நின்றார்கள். இன்றைய பாஷையில் லே-ஆஃப்.

துறவிகள் மேல் ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரியும்.

வேலை போனவர்கள் என்ன செய்தார்கள்? கூடினார்கள், கூட்டமாகக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'கம்பெனி' என்றே பெயர். அந்தச் சமயம் போப்பாண்டவர் ரோமில் இல்லை, பிரான்ஸ் பக்கம் அவிஞோன் நகரத்தில் இருந்தார். போப் இருக்கிற இடத்தில் பணம் இருக்கும் அல்லவா? 1360 டிசம்பரில் கம்பெனிக்காரர்கள் அவிஞோனுக்கு அருகே ரோன் நதிப் பாலத்தை ஒட்டிய பான்-சென்-எஸ்ப்ரீ என்ற ஊரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். போப் சபித்துப் பார்த்தார். மதத்தைவிட்டு விலக்கினார். புனிதப் போர் என்று அறிவித்தும் பார்த்தார். கடைசியில் காசைக் கொடுத்து, இத்தாலிக்குப் போய்ச் சண்டை போடுங்கள், அங்கே நல்ல டிமாண்ட் என்று அனுப்பிவைத்தார். 1361-ல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய அந்தக் கும்பலில் ஹாக்வுட்டும் ஒருவர். அப்போது வயது நாற்பதைத் தொட்டிருக்கும். புதுத் தொழில் தொடங்குகிற வயதா அது?

இத்தாலியில் டிமாண்ட் உண்மையிலேயே இருந்தது. இன்றைக்கு இருப்பதுபோல் அது ஒரே தேசம் இல்லை. ஃப்ளாரன்ஸ், பைசா, மிலான், சியனா, படுவா, வெரோனா என்று ஊருக்கு ஒரு அரசாங்கம், ஆளுக்கொரு பகை. முக்கால்வாசி ஊர்களில் செல்வாக்கு வியாபாரிகள் கையில். துணி விற்கிறவனும் வட்டிக்கு விடுகிறவனும் கடையைப் பூட்டிவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போவானா? பணம் இருக்கிறது, ஆள் வைத்துக்கொண்டான். அவுட்சோர்ஸிங் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

யுத்தம் என்றால் எல்லோருக்கும் வாள்வீச்சும் குதிரைக் குளம்பும் ஞாபகம் வரும். பி.காம். படித்த எனக்குக் கண் போவது சம்பளப் பட்டியல் பக்கம்தான். சரித்திரத்தின் இந்தப் பகுதி அந்த விஷயத்தில் ஒரு புதையல். இத்தாலிய நகரங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தன. கூலிப்படையோடு போடும் ஒப்பந்தத்துக்குக் 'கோண்டோட்டா' என்று பெயர். ஒப்பந்தக்காரர், கோண்டோட்டியரி. சேனாதிபதி என்றெல்லாம் அலங்காரம் கிடையாது. நேரடி அர்த்தம், கான்ட்ராக்டர்.

எண்ணிக்கை ஈட்டிக் கணக்கில். ஓர் 'ஈட்டி' என்பது ஆயுதம் மட்டுமல்ல, மூன்று பேர் கொண்ட யூனிட். கவசம் போட்ட வீரர், அவருக்கு ஓர் உதவியாளர், குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன். இரண்டு லோடு மணல் என்று சொல்வதுபோல, ஐந்நூறு ஈட்டி வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பார்கள். எத்தனை மாதத்துக்கு என்பது நிச்சயக் காலம். அதற்குமேல் விருப்பப்பட்டால் நீட்டித்துக்கொள்ள இன்னொரு காலம். அட்வான்ஸ் உண்டு, அதைப் பிறகு சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். சொன்ன தலைகள் சரியாக இருக்கின்றனவா என்று அதிகாரி வந்து எண்ணுவார். குதிரைகளுக்கு நிறம், அடையாளம் எல்லாம் பதிவாகும். சண்டையில் குதிரை செத்தால் நஷ்டஈடு உண்டு என்பதால், செத்தது அந்தக் குதிரைதானா என்று தெரிய வேண்டாமா! சில நகரங்கள் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தன. ஆமாம், டி.டி.எஸ்.தான். பிடித்த கோட்டை நகரத்துக்கு, அள்ளிய சாமான் படைக்கு. ஒப்பந்தம் முடிந்தபிறகு இத்தனை மாதம் எங்கள்மேல் பாயக்கூடாது என்று ஒரு ஷரத்துகூட இருக்கும்.

இதில் எந்த இடத்தில் தகராறு வரும் என்று ஃப்ரீலான்ஸர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சம்பளம் நேரத்துக்கு வராது. எனக்கு ஒரு கட்டுரைக்கான செக் பதினான்கு மாதம் கழித்து வந்தது. நான் மறுபடி மறுபடி போன் செய்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஹாக்வுட்டால் வேறு சிலதும் முடிந்தது.

முதலில் அவர் பெயர் எப்படி எழுந்தது என்று பார்த்துவிடலாம். அவர் இருந்த 'வெள்ளைக் கம்பெனி'க்குத் தலைவர் ஆல்பர்ட் ஸ்டெர்ஸ் என்ற ஜெர்மானியர். 1363-ல் அந்தக் கம்பெனியைப் பைசா நகரம் அமர்த்தியது, ஃப்ளாரன்ஸுக்கு எதிராக. அடுத்த வருஷம் ஃப்ளாரன்ஸ் வியாபாரி மூளையோடு யோசித்தது. எதிரிப் படையோடு சண்டை போடுவதைவிட அதை விலைக்கு வாங்குவது மலிவு! பணப்பெட்டி திறந்தது. பைசாவின் படையில் பெரும் பகுதி கழன்றுகொண்டது. ஹாக்வுட் போகவில்லை. மிச்சம் இருந்த சில நூறு பேரோடு பைசா பக்கமே நின்றார். பைசாக்காரர்கள் அவரைத் தலைமைத் தளபதி ஆக்கினார்கள்.

அப்புறம் ஜெயித்தாரா? இல்லை. 1364 ஜூலை 28-ம் தேதி காஷினா என்ற இடத்தில் நடந்த சண்டையில் தோற்றார். கொளுத்தும் வெயிலுக்கு ஆர்னோ நதியில் குளித்துக்கொண்டிருந்த ஃப்ளாரன்ஸ் வீரர்கள் அலறியடித்து எழுகிற காட்சியைப் பின்னாளில் மைக்கேலாஞ்சலோ வரையத் திட்டமிட்டாரே, அந்தச் சண்டைதான். ஆனால், இந்தத் தோல்வி அவர் மார்க்கெட்டை இறக்கவில்லை. ஒத்துக்கொண்ட இடத்தில் பாதியில் ஓடாதவன் என்று பெயர் வாங்கிவிட்டார். ஓடுகிறவர்களே மலிந்த ஊரில் அந்தப் பெயருக்குத் தனி ரேட். ஸ்டெர்ஸ் என்ன ஆனார் தெரியுமா? துரோகம் செய்வதாகச் சந்தேகப்பட்டு 1366-ல் பெருஜியா நகரத்தார் அவர் தலையை வெட்டினார்கள்.

பைசாவுக்குப் பிறகு மிலானை ஆண்ட பெர்னபோ விஸ்கோன்டி. அவருக்குப் பிறகு, அவருடைய எதிரியான போப். கட்சி தாவல் என்று இதைச் சொல்வது சரியில்லை. ஒரு கான்ட்ராக்ட் முடிந்தது, அடுத்த கான்ட்ராக்ட். போப் பதினோராம் கிரிகரியிடம் வேலை பார்த்தபோது பெரிய பிரச்னை, சம்பளப் பாக்கி. புண்ணியம் நிறைய இருந்தது, பணம்தான் இல்லை. பாக்கிக்குப் பதிலாக பாக்னாகவாலோ, கொட்டிஞோலா என்ற ஊர்களையே எழுதிக்கொடுத்தார்கள்.

1375-ல் போப்பும் மிலானும் சமாதானமாகிவிட்டார்கள். மறுபடியும் அந்த வார்த்தை! ஹாக்வுட்டுக்கு வேலை இல்லை. பின்னால் ஆயிரக்கணக்கான வயிறுகள். படையைத் திருப்பிக்கொண்டு டஸ்கனி எல்லையில் வந்து நின்றார். சண்டை போடவே இல்லை. ஃப்ளாரன்ஸ் தூதர்கள் ஓடிவந்தார்கள். பேரம் படிந்தது. ஐந்து வருஷத்துக்கு ஃப்ளாரன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம், அதற்குக் கட்டணம் 1,30,000 ஃப்ளோரின்.

ஒரு ஃப்ளோரின் என்பது ஏறக்குறைய மூன்றரை கிராம் தங்கம். பெருக்கிப் பாருங்கள். 455 கிலோ. நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 57 ஆயிரம் சவரன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு! சியனா, பைசா, லூக்கா எல்லாமும் வரிசையில் நின்று தனித்தனியாகக் கட்டின. இந்த மனுஷனை ஏவிவிட்டதே போப் தரப்புதான் என்று கறுவிய ஃப்ளாரன்ஸ், தன் ஊர்ச் சாமியார்கள் தலையிலேயே வரியைப் போட்டுப் பணத்தைத் தேற்றியது.

அத்தோடு நிற்கவில்லை. ஹாக்வுட்டுக்குத் தனிப்பட்ட முறையில் வருஷத்துக்கு 1,200 ஃப்ளோரின், ஆயுள் முழுக்க. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும். அடுத்த வருஷங்களில் ஃப்ளாரன்ஸுக்கும் போப்புக்கும் யுத்தம் மூண்டபோது இவர் போப்பின் சம்பளத்தில் இருந்தார், இவர் பெயரில் ஃப்ளாரன்ஸ் பென்ஷனும் இருந்தது. சியனாவின் புனித கேதரின் அதே 1375-ல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைக் கொன்றது போதும், புனிதப் போருக்குப் போ என்று. போகவில்லை.

இதுவரை வாசித்ததில் ஹாக்வுட்டை ஒரு சாமர்த்தியசாலியாக, கொஞ்சம் ரசிக்கத்தக்க போக்கிரியாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான். ஆனால் 1377 பிப்ரவரியைத் தாண்டி அப்படி எழுத முடியாது.

செசனா. போப் ஆட்சிக்குட்பட்ட சிறிய நகரம். போப்பின் பிரதிநிதி ஜெனிவாவின் கார்டினல் ராபர்ட். அவரோடு பிரெட்டன் கூலிப்படை ஊருக்குள் தங்கியிருந்தது. காசு கொடுக்காமல் கடைகளில் எடுத்தார்கள், வீடுகளில் புகுந்தார்கள். ஜனங்கள் ஒருநாள் பொறுமை இழந்து திருப்பி அடித்தார்கள். நூற்றுக்கணக்கில் பிரெட்டன்கள் செத்தார்கள். கார்டினல் கோபத்தைக் காட்டவில்லை. மன்னித்தேன், ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்றார். ஜனங்கள் நம்பி ஒப்படைத்தார்கள். பிறகு கார்டினல் பக்கத்து ஊரான ஃபயன்சாவில் இருந்த ஹாக்வுட்டுக்கு ஆள் அனுப்பினார். ஹாக்வுட் வந்தார்.

மூன்று நாள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. 2,500 முதல் 5,000 வரை செத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஹாக்வுட் முதலில் தயங்கினார், கார்டினல்தான் ரத்தம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், ஓர் ஆயிரம் பெண்களை ஹாக்வுட் பாதுகாப்பாக ரிமினிக்கு அனுப்பிவைத்தார் என்று எழுதிய நாளாகமக்காரர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அனுப்பியது ஆயிரம் என்றால், மிச்சம் இருந்தவர்களை வெட்டியதில் அவர் ஆட்களும் உண்டு. கிளையன்ட் சொன்னார், செய்தேன் என்கிற பதில் கணக்குப் புத்தகத்தில் வேண்டுமானால் செல்லும். அந்தக் கார்டினல் அடுத்த வருஷமே ஏழாம் கிளமென்ட் என்ற பெயரில் போட்டிப் போப் ஆனார் என்பதையும் வயிற்றெரிச்சலோடு சொல்லிவிடுகிறேன்.

செசனா நடந்த சில மாதங்களில் ஹாக்வுட் போப்பை விட்டு விலகி, எதிர் அணியான ஃப்ளாரன்ஸ்-மிலான் கூட்டணிக்கு வந்துவிட்டார். மனசாட்சி உறுத்தியது என்று அவர் அபிமானிகள் சொல்வார்கள். எனக்கு என்னவோ பாக்கிச் சம்பளம்தான் உறுத்தியிருக்கும் என்று படுகிறது. புது முதலாளிகள் கவனிப்பு பலமாக இருந்தது. பெர்னபோ விஸ்கோன்டி தன் மகளையே கட்டிக்கொடுத்தார். முறைப்படியான மனைவிக்குப் பிறந்தவர் அல்ல, ஆனாலும் விஸ்கோன்டி ரத்தம். பெயர் டொன்னினா. மாப்பிள்ளைக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. இரண்டே வருஷத்தில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் முட்டிக்கொண்டது தனிக் கதை.

அதற்குப் பிறகான ஹாக்வுட் கொஞ்சம் வேறு ஆள். ஊர் ஊராக அலைவது குறைந்தது. ஃப்ளாரன்ஸோடு ஒட்டிக்கொண்டார். அங்கே வீடு, மாண்டெக்கியோ கோட்டை, பாங்கர்களிடம் டெபாசிட், எஸெக்ஸில் ஆள் வைத்து நிலம் வாங்குவது. பதினேழு, பதினெட்டு வருஷம் யாருக்கும் கட்டுப்படாமல் திரிந்தவர் தேடியது என்ன என்று பார்த்தால், மாதம் பிறந்தால் வருகிற காசு. அந்த 1,200 ஃப்ளோரின் நிலுவை விழுந்தால் விடமாட்டார், கேட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார். கோடிகளில் கொள்ளை அடித்தவருக்கு இந்தச் சில்லறை எதற்கு? கோடிகள் வந்த வேகத்தில் வீரர்களின் கூலியாகவும் குதிரைகளாகவும் போய்விடும். இது நிற்கும். சுயதொழில் செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

தொழிலில் மட்டும் கை தளரவில்லை. 1387 மார்ச்சில் படுவாவுக்காக வெரோனாவை எதிர்த்து காஸ்டாஞாரோவில் அவர் போட்ட சண்டை இன்றைக்கும் ராணுவப் புத்தகங்களில் வருகிறது. வாய்க்கால்கள் ஓடும் நிலமாகப் பார்த்து நின்று, எதிரியைத் தன் வசதிக்கு வரவழைத்து, பக்கவாட்டில் புகுந்து அடித்தார். 1391-ல் மிலான் படை அவரைத் துரத்தி, ஆற்றுக் கரையை உடைத்துச் சமவெளி முழுக்க வெள்ளத்தை விட்டது. வயது எழுபது. விடிவதற்குள் இடுப்பளவு தண்ணீரில் படையை நடத்தி, இழந்தது போக மிச்சப் பேரைக் கரைசேர்த்தார். ஃப்ளாரன்ஸ் அந்த வருஷம் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது, வருஷம் 2,000 ஃப்ளோரின் கூடுதல் பென்ஷன், மூன்று பெண்களுக்கும் வரதட்சணை, அவருக்குப் பின் மனைவிக்கும் பென்ஷன்.

இத்தனையும் கொடுத்த ஊர் அவரை முழுசாக நம்பியதா? அங்கேதான் சிக்கல். நூறு வருஷம் கழித்து அதே ஃப்ளாரன்ஸைச் சேர்ந்த மாக்கியவெல்லி இவரைப் பற்றி ஒரு கணக்குப் போடுகிறார். ஹாக்வுட் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை, அதனால் அவருடைய விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை, ஜெயித்திருந்தால் ஃப்ளாரன்ஸ் அவர் காலடியில் கிடந்திருக்கும் என்பது அவர் வாதம். மாக்கியவெல்லிக்குக் கூலிப்படை என்றாலே ஆகாது. ஆனாலும் இதில் ஒரு நிஜம் உண்டு. ரொம்பத் தோற்றால் வேலை போகும், ரொம்ப ஜெயித்தால் தலை போகும். கார்மஞோலா என்ற இன்னொரு கோண்டோட்டியரி மிலானிலிருந்து வெனிஸுக்கு மாறினார். பழைய முதலாளியோடு உள்ளுக்குள் தொடர்பு இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வெனிஸ்காரர்கள் 1432-ல் அவர் கதையை முடித்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் இந்தத் தொழிலில் இருந்து, படுக்கையில் செத்தவர் ஹாக்வுட். அவருடைய பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் காஸ்டாஞாரோ என்று சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சொத்துகளை விற்க ஆரம்பித்தார். பென்ஷனை விட்டுக்கொடுத்து மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ள ஃப்ளாரன்ஸோடு பேசி முடித்தார். மூட்டை கட்டுவதுதான் பாக்கி. 1394 மார்ச் 17-ம் தேதி இறந்துபோனார். இங்கிலாந்தைப் பார்க்கவில்லை.

ஃப்ளாரன்ஸ் அரசு மரியாதையோடு பிரமாதமாக அடக்கம் செய்தது. மறு வருஷம் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்ட் உடலைக் கேட்க, கொடுக்கவும் சம்மதித்தது. இன்னொரு வாக்கும் கொடுத்திருந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே, 1393-ல், கதீட்ரலில் அவருக்கு மார்பிளில் சமாதி கட்டுவதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆள் போனதும் எஸ்டிமேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது. மார்பிள் ரத்து. சுவரில் ஒரு படம் வரைந்தால் போதும் என்று முடிவானது.

அந்தப் படமும் மங்கிப்போய், 1436-ல் பவுலோ உச்செல்லோ என்ற ஓவியரை அழைத்துப் புதிதாக வரையச் சொன்னார்கள். அவர் வரைந்தார். சரியில்லை என்று அழிக்கச் சொல்லி, மறுபடி வரைய வைத்தார்கள். அவருக்கும் இது கான்ட்ராக்ட் வேலைதானே! ஃப்ளாரன்ஸ் கதீட்ரலுக்குள் போனால் இடதுபக்கச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. குதிரைமேல் கம்பீரமாக ஹாக்வுட், கீழே கல் சமாதி, அதைத் தாங்கும் பீடம். வெண்கலச் சிலை மாதிரியே தெரிவதற்காக முழுக்கப் பச்சை மண் நிறத்தில் தீட்டியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் சிலையேதான். கிட்டே போனால் பெயின்ட்.